கடல்ல எண்ணெய் தோண்டுறதுக்கு அரசாங்கம் பண்ற ஆய்வு: அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

கேள்வி இதுதான். ஐகோர்ட்டு மதுரைக் கிளையில ஜூனியரா இருக்குற ஒரு தம்பி கேட்டுருக்காரு: "கன்னியாகுமரிக்குத் தெக்க கடல்ல எண்ணெய் ப்ளாக் குடுத்துருக்காங்க, இதுக்கெல்லாம் அரசாங்கமே காசு போட்டு கடல் சுற்றுச்சூழல் ஆய்வு பண்ணுதுன்னு சொல்றாங்க, அப்படி என்னதான் ஆய்வு பண்றாங்க, எண்ணெய் எடுக்குறதும் அரசாங்கக் கம்பெனி, ஆய்வு பண்றதும் அரசாங்க லேப்னா அந்த ரிப்போர்ட்டை எப்படி நம்புறது?"

நல்ல கேள்வி தம்பி. இதுக்கு வழக்கமா ரெண்டு பதில் வரும், ஒண்ணு "எல்லாம் செட்டிங், காசு வாங்கிட்டு எழுதுறாய்ங்க"ன்னு, இன்னொண்ணு "விஞ்ஞானிக சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு. ரெண்டுமே சோம்பேறிப் பதில். நான் கடலடி மண்ணுல இருக்குற புழுவ எண்ணிப் பொழப்பு ஓட்டுன ஆளு, மண்டபம் கீழக்கரை பக்கம் ப்ராஜெக்ட்டுல இருந்துட்டு இப்ப மதுரையில செட்டில் ஆயிட்டேன், அதனால ரிப்போர்ட்டைக் கையில எடுத்தா என் கண்ணு முதல்ல போறது காசு யாரோடதுங்குற பக்கத்துக்கு இல்ல. கிணறு போடுறதுக்கு முன்னாடி மண்ணு எடுத்தாங்களா, எத்தனை சீசன் எடுத்தாங்க, போட்ட பின்னாடி அதே இடத்துக்குத் திரும்பப் போனாங்களா, எண்ணுன கணக்கு முழுசா வெளிய கிடைக்குதா, இதைத்தான் தேடுவேன். காசு விவகாரமும் முக்கியம்தான், அதுக்கும் வர்றேன்.

மதுரையில உக்காந்துக்கிட்டு என்னய்யா கடல் பேச்சுன்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரின்னு நாலு மாவட்டத்துக் கடல் வழக்கும் 2004ல கிளை தொறந்ததுல இருந்து ஒத்தக்கடை பக்கம் இருக்குற அந்தக் கோர்ட்டுக்குத்தான் வருது. கரிமேட்டுல நீங்க பேரம் பேசி வாங்குற நெத்திலியும் பாறையும் அந்தக் கரையில இருந்து ராத்திரியோட ராத்திரியா ஐஸ் போட்டு வர்ற சரக்கு. காமராஜர் பல்கலைக்கு புதுமடத்துல கடல் ஆய்வு மையம் இருக்கு, அது ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்குவோம். இப்ப பேச்சா இருக்குறது ஓஎன்ஜிசிக்குக் கிடைச்ச மூணு ப்ளாக், அதாவது எண்ணெய் தேட ஒதுக்குன கடல் பரப்பு, மொத்தம் கிட்டத்தட்ட 27,000 சதுர கிலோமீட்டர். அதுகளோட பேருலயே அல்ட்ரா டீப் வாட்டர்னு வருது, அதாவது 1,500 மீட்டருக்கு மேல ஆழமான தண்ணி. கன்னியாகுமரி மீனவங்க பயப்படுற வாட்ஜ் பேங்க் அதுக்கு ஒட்டுன மாதிரி இருக்குற கடலடி மேடு, சுமார் 10,000 சதுர கிலோமீட்டர், ஆழம் 200 மீட்டருக்கு உள்ள, 1976ல இந்தியாவும் இலங்கையும் கடிதம் மாத்திக்கிட்டப்ப அது நம்ம உரிமைன்னு முடிவாச்சு. வடகிழக்கால போனா மன்னார் வளைகுடா, 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா ஆன 560 சதுர கிலோமீட்டர், அதைச் சுத்தி 1989ல அறிவிச்ச 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். பவளம், கடற்புல், ஆவுளியாங்குற கடல்பசு எல்லாம் இந்தப் பக்கம். ராமநாதபுரத்துல கரையில எடுக்குற எரிவாயு, வழுதூர் மின்நிலையத்துக்குப் போறது, அது வேற கணக்கு, அதைக் கடலோட போட்டுக் குழப்ப வேண்டாம்.

சட்டத்தோட கையும் கரையில இருந்து தள்ளிப் போகப் போகத் தளர்ந்துருது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 12 கடல் மைலோட, அதாவது சுமார் 22 கிலோமீட்டரோட நின்னுரும். அதுக்கு அங்கிட்டு 200 கடல் மைல் வரைக்கும் பொருளாதார மண்டலம், மத்திய அரசு பார்த்துக்குற இடம். அடுத்தது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதுல எண்ணெய், கேஸ் எல்லாமே கடுமையா அலசுற ஏ பிரிவுல இருந்துச்சு, 2020 ஜனவரியில ஒரு திருத்தம் போட்டு தேடிப் பார்க்குற கட்டத்தை மட்டும் பி2க்கு இறக்கிட்டாங்க. பி2ன்னா தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம். எடுக்க ஆரம்பிக்கிற கட்டத்துக்கு இன்னும் ஏ தான். தேடுறதுக்கும் கிணறு தோண்டித்தான் ஆகணும், அங்க சகதியும் கல்லுத்தூளும் வெளிய வரத்தான் செய்யும், ஆனா அந்தக் கிணத்துக்கு முன்னாடி மண்ணு எப்படி இருந்துச்சுன்னு முழுசாப் பதிவு பண்ணச் சொல்ற கட்டாயம் தளர்ந்துருச்சு. என் தொழில்காரனுக்கு இதுதான் பெரிய ஓட்டை.

சரி, ஆய்வுன்னா என்ன. நம்ம ஊர்ல அரசாங்க ஆய்வுங்குற ஒரே பேருல தனித்தனி சங்கதிகளைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. சென்னையில புவி அறிவியல் அமைச்சகத்துக்குக் கீழ என்சிசிஆர்னு ஒரு மையம் இருக்கு, அது பார்த்துக்குற ஒரு திட்டத்துல 1990கள் தொடக்கத்துல இருந்தே கரையோரத் தண்ணியோட தரத்தைக் குறிச்ச இடங்கள்ல எடுத்துட்டு வர்றாங்க. இது அரசாங்கத்தோட சொந்தக் காசு, சொந்தத் தேவை. கொச்சியில சிஎம்எல்ஆர்இன்னு அதே அமைச்சகத்தோட கடல் உயிர்வள மையம், 1984ல வந்த சாகர் சம்பதாங்குற கப்பலை ஓட்டி ஆழ்கடல் உயிரினங்களை எடுக்குறாங்க. ஹைதராபாத்ல இருக்குற அரசாங்கக் கடல் தகவல் மையம் இன்காய்ஸ், எண்ணெய் கசிஞ்சா எந்தத் திசையில போகும்னு மாடல் ஓட்டிச் சொல்லும். 1966ல தொடங்குன, இப்ப கோவாவுல இருக்குற என்ஐஓ, அதாவது தேசியக் கடலியல் நிறுவனம், அடிப்படை ஆராய்ச்சியும் பண்ணும், கம்பெனி காசு குடுத்தா தாக்க மதிப்பீட்டு வேலையும் எடுக்கும். இந்தக் கடைசி வகைதான் கோர்ட்டுல உங்க கைக்கு வரும். மேல அசோகச் சக்கர லெட்டர்பேடு இருந்தாலும் உள்ள அது ஸ்பான்சர்டு ப்ராஜெக்ட், வேலை எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல எழுதி இருக்கும், அந்த எல்லையைத் தாண்டி ஒரு ஸ்டேஷன், அதாவது மண்ணு அள்ளுற இடம், கூட எடுக்கக் காசு இருக்காது.

இப்ப மண்ணு எடுக்குறதைக் கொஞ்சம் கிட்டப் போயி சொல்றேன், இதைப் பார்த்தவனுக்குத்தான் ரிப்போர்ட்டுல இருக்குற டேபிளோட அருமை புரியும். வான் வீன் கிராப்னு ஒரு இரும்புக் கவ்வி, ரெண்டு தாடை, திறந்தபடி கயித்துல எறக்குவோம், தரையில மோதுனதும் கொக்கி விட்டுரும், இழுக்குறப்ப தாடை மூடி மண்ணை அள்ளிட்டு வரும். சாதாரணமா 0.1 சதுர மீட்டர் அள்ளும். மேல வந்ததும் தாடையைப் பாக்கணும், சிப்பியோ பவளத் துண்டோ இடையில மாட்டி ஒரு விரக்கடை திறந்துருந்தாக்கூட மேல்மண்ணு வழிஞ்சு போயிருக்கும், மேல்மண்ணுலதான் உயிரே, அதனால அந்த அள்ளலைக் கடல்லயே கொட்டிட்டுத் திரும்ப எறக்கணும். பாறைப் பக்கம் இது மறுபடி மறுபடி நடக்கும், கச்சான்ங்குற மேல்காத்து அடிக்குற நேரம்னா படகு ஆடுற ஆட்டத்துல கையில புடிக்கவே முடியாது, போட்டுக்காரரு "ஏன் சார் இந்தச் சேத்துக்கா இம்புட்டுப் பாடு"ன்னு முறைப்பாரு. இந்த நிலைமையில "சரி இருக்கட்டும்"னு அரைக் கிராப்பை எடுத்துக்குற டீமும் இருக்கு, அதைக் கொட்டிட்டு அடுத்ததுக்கு நிக்கிற டீமும் இருக்கு. ரிப்போர்ட்டுல ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், எத்தனை அள்ளல் கழிச்சோம்னு எழுதியிருந்தா மட்டும் வித்தியாசம் புரியும். எழுதியிருந்தா நல்ல டீம்.

அந்த மண்ணை அரை மில்லிமீட்டர் சல்லடையில கடல் தண்ணி ஊத்திச் சலிச்சு, மிஞ்சுனதை டப்பாவுல போட்டு ஃபார்மலின் ஊத்தி, கூடக் கொஞ்சம் ரோஸ் பெங்கால் சாயம். லேபுல வெள்ளைத் தட்டுல கொட்டுனா மண்ணு மண்ணாவே கிடக்கும், உயிரா இருந்தது மட்டும் ரோஸ் கலர் நூலு மாதிரி தனியாத் தெரியும். அதை ஊசியால எடுத்து, மைக்ராஸ்கோப்புல வச்சு, தலையில முள்ளு எப்படி, கால்ல மயிர் எப்படின்னு பார்த்து இன்ன புழுன்னு பேர் வைக்கணும். ஒரு டப்பாவுக்கே நாள் கணக்குல ஆகும். கேபிடெல்லான்னு ஒரு புழு இருக்கு, அழுக்கு சேர்ந்தா மத்ததெல்லாம் கம்மியாகி அது மட்டும் பெருகும், அது எத்தனைன்னு பார்த்தாலே அந்த இடம் எப்படின்னு பாதி தெரிஞ்சுரும். ஆனா காலக்கெடு நெருங்குறப்ப என்ன பண்றாய்ங்கன்னா, "பாலிகீட்டா (முள்மயிர்ப் புழு) இத்தனை சதவீதம், சிப்பி இனம் இத்தனை"ன்னு குடும்ப அளவுல கூட போகாம கும்பலா எழுதி முடிச்சுருவாய்ங்க. அந்த டேபிளை வச்சு யாரும் எதையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கம்பெனிக்கு அது போதும்.

இது வெறும் என் புலம்பல்னு நெனைக்காதீங்க, நார்வேக்காரங்க இதை உலகத்துக்கே காட்டிட்டாங்க. வடகடல்ல எகோஃபிஸ்க்னு பெரிய எண்ணெய் வயல், 1969ல கண்டுபிடிச்சது. அங்க வருஷக்கணக்கா மண்ணு எடுத்து, எத்தனை இனம், என்ன உயிர்ப் பன்மைக் குறியீடுன்னு ஒரே ஒரு எண்ணாச் சுருக்கிப் பார்த்து, பாதிப்பு பிளாட்பாரத்தைச் சுத்தி ஒரு 500 மீட்டருக்குத்தான்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஓஸ்லோ பல்கலைக்கழகத்து ஜான் கிரேயும் கூட்டாளிகளும் அதே மாதிரி டேட்டாவ இனம் இனமா வச்சு ஒட்டுமொத்தமா அலசி 1990ல எழுதுனாங்க, மாற்றம் சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் தெரியுது. 1995ல இன்னும் பல வயல்களைச் சேர்த்துப் பார்த்தப்ப சில இடத்துல 6 கிலோமீட்டர் வரைக்கும் போகுதுன்னு வந்துச்சு. கடல் மாறல, எண்ணெயும் மாறல, புழுவுக்குத் தனித்தனியாப் பேர் எழுதி வச்சிருந்ததால வந்த வித்தியாசம். பேர் எழுதாம கும்பலா விட்டிருந்தா இன்னைக்கும் 500 மீட்டர்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

எண்ணெய் கலந்த துளைச்சேறோட கல்லுத்தூளைக் கடல்ல கொட்டுறது 1993 வாக்குல நார்வேயில நின்னு போனதுக்கு இந்த மாதிரி ஆய்வுகதான் காரணம். கிணறு தோண்டுறப்ப துரப்பணத்தைக் குளுமையா வைக்கவும், கல்லுத்தூளை மேல கொண்டு வரவும், கீழ இருக்குற அழுத்தத்தை அமுக்கவும் ஒரு கனமான சேறு ஊத்துவாங்க. கனத்துக்கு பேரைட்டுங்குற தாதுப் பொடி. அதுல பேரியம் இருக்கு, அது சுலபமாக் கரையாது, அதனால கடலடி மண்ணுல பேரியம் எங்க கூடியிருக்குன்னு பார்த்தா சேறு எதுவரைக்கும் பரவியிருக்குன்னு படம் போட்டுரலாம். ஒரு ரிப்போர்ட்டுல பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவு இருந்து பேரியம் இல்லன்னா, ஏன் அளக்கலன்னு கேளுங்க. நம்ம நாட்டுல டீசல் சேறு தடை, 2005ல வந்த விதிப்படி கடல்ல விடுற கழிவு நீர்ல எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, நூத்துக்கு 95 தடவை அதுக்குள்ள இருக்கணும், எப்பவுமே 100 தாண்டக்கூடாது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளோட ஆஸ்பார் வரம்பு 30. ரொம்ப தூரம் ஒண்ணும் இல்ல, விதி மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா கிணறு வயசாக வயசாக எண்ணெயோட சேர்ந்து வர்ற தண்ணி கூடிக்கிட்டே போகும், அப்ப லிட்டருக்கு இத்தனைன்னு மட்டும் பார்த்தாப் பத்தாது, மொத்தம் எவ்வளவு ஊத்துனாங்கங்குற கணக்கும் வேணும்.

இப்ப காசு. நார்வேயில கடலடிக் கண்காணிப்புக்குக் காசு குடுக்குறது எண்ணெய்க் கம்பெனிகதான், இது கேட்டா நம்மாளுக அதிர்ச்சி ஆவாங்க. ஆனா எங்க எடுக்கணும், எத்தனை மீட்டர் தள்ளி, எந்தச் சல்லடை, என்னென்ன அளக்கணும்னு முடிவு பண்றது அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் அமைப்பு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா பகுதி வாரியா அதே இடத்துக்குப் போயே ஆகணும், எடுத்த கணக்கெல்லாம் ஒரு பொது டேட்டாபேஸ்ல போய்ச் சேரும். அந்த டேட்டாதான் கம்பெனிக்கு எதிராவே பேசுச்சு.

அமெரிக்காவுல நேர் எதிர். 1973ல இருந்து உள்துறைக்குக் கீழ ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுத் திட்டம் ஓடுது, அரசாங்கக் காசு, இதுவரைக்கும் 100 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணியிருக்காங்க, திமிங்கலத்துல இருந்து கடலடிப் புழு வரைக்கும் ரிப்போர்ட்டு மலையாக் கிடக்கு, யாரு வேணா இறக்கிப் படிக்கலாம். இம்புட்டு இருந்தும் என்ன ஆச்சு? அந்தத் திட்டத்தை வச்சிருந்த எம்எம்எஸ்ங்குற அலுவலகமே ப்ளாக் ஏலம் விட்டுச்சு, அதுவே ராயல்டி வசூல் பண்ணுச்சு, அதுவே பாதுகாப்பையும் பார்த்துச்சு. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன் வெடிச்சு 11 பேர் செத்து 87 நாளு எண்ணெய் கொட்டுன அப்புறம்தான் அதை மூணாப் பிரிச்சாங்க, குத்தகை ஒருத்தர், பாதுகாப்பு ஒருத்தர், வசூல் ஒருத்தர். ஆக அரசாங்கக் காசுன்னா சுத்தம், கம்பெனிக் காசுன்னா அழுக்குன்னு ஒரே வாக்கியத்துல முடிச்சுற முடியாது. யாரு டிசைன் போடுறா, டேட்டா யார் கையில இருக்கு, அனுமதி குடுக்குற கையும் ஆய்வுக் காசு குடுக்குற கையும் ஒரே கையாங்குறதைப் பார்க்கணும்.

அந்த வெடிப்புலயும் முன்கணக்கு, அதாவது முன்னாடி எப்படி இருந்துச்சுங்குற பதிவு, பிரச்சினை ஆச்சு. 2011ல பராட்டாரியா விரிகுடாவுல டால்பின்களைப் பிடிச்சு ரத்தம், நுரையீரல் எல்லாம் பரிசோதிச்சாங்க, கிட்டத்தட்ட பாதி உடம்பு சரியில்லாத நிலைமையில இருந்துச்சு. கம்பெனித் தரப்பு உடனே கேட்டது, இதுக முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட கணக்கு இருக்கான்னு. எண்ணெய் படாத ஃப்ளோரிடாவுல சரசோட்டா டால்பின்களைப் பல வருஷமாப் பார்த்துட்டு இருந்த குழு ஒண்ணு இருந்ததால ஒப்பிட்டுப் பேச முடிஞ்சுச்சு. நம்ம தெருவுல பக்கத்து மனையில போர் போடுறாங்கன்னா, போடுறதுக்கு முன்னாடி நம்ம சுவத்தை போட்டோ எடுத்து வச்சுருக்கணும், விரிசல் விட்ட பின்னாடி போய் நின்னா "இது பழைய விரிசல் சார்"ம்பான், அம்புட்டுதான் விஷயம்.

நம்ம ஊர்ல அரசாங்க லேப் அரசாங்கக் கம்பெனியைக் காட்டிக் குடுக்காதுன்னு சொல்றதுக்கு ஒரு மறுப்பும் உண்டு. கோவா கடற்கரையில மழைக்காலம் நெருங்குறப்ப தார் உருண்டை ஒதுங்கும், காலுல ஒட்டுனா மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைக்கணும். என்ஐஓ விஞ்ஞானிக அதோட வேதி அடையாளத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க, சிலது டேங்கர் கப்பல் கழுவி விட்டது, சிலது பம்பாய் ஹை கச்சா எண்ணெயோட ஒத்துப் போகுதுன்னு சர்வதேச இதழ்கள்லயே எழுதுனாங்க. பம்பாய் ஹை ஓஎன்ஜிசியோட எண்ணெய் வயல்னு உங்களுக்கே தெரியும். அது ஸ்பான்சர்டு ரிப்போர்ட்டுல வரல, ஆராய்ச்சிக் கட்டுரையில வந்துச்சு. அதனால ஒரு லேபோட தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மட்டும் படிச்சுட்டு அந்த லேபை எடை போடாதீங்க, அதே ஆளுக இதழ்ல என்ன எழுதியிருக்காங்கன்னும் தேடுங்க.

சத்தத்தைப் பத்தியும் கொஞ்சம். தோண்டுறதுக்கு முன்னாடி நில அதிர்வு சர்வே பண்ணுவாங்க, கப்பலுக்குப் பின்னாடி காத்துத் துப்பாக்கிகளை இழுத்துக்கிட்டு சில நொடிக்கு ஒருக்கா வெடிக்க வச்சு அடியில எதிரொலி எடுக்குறது. மீனவங்க "சர்வே கப்பல் வந்தா மீன் போயிருது"ம்பாங்க, அதிகாரிக சிரிப்பாங்க. நார்வே அரசோட கடல் ஆய்வு நிறுவனம் பேரன்ட்ஸ் கடல்ல இதையே சோதிச்சு 1996ல எழுதிருச்சு: சர்வே தொடங்குனதும் காட், ஹேடாக் மீன் பிடிப்பு சராசரியா பாதியாக் குறைஞ்சுச்சு, 33 கிலோமீட்டர் தள்ளியும் குறைவு தெரிஞ்சுச்சு, முடிஞ்சு 5 நாள் வரைக்கும் பழைய நிலைமைக்குத் திரும்பல. 2017ல டாஸ்மேனியாவுல பண்ண ஒரு சோதனை, 1.2 கிலோமீட்டர் வரைக்கும் மிதவை உயிரிக செத்துப் போனதாச் சொல்லுச்சு. இன்னொரு பக்கம் 2021ல ஆஸ்திரேலிய அரசு கடல் ஆய்வு நிறுவனம் வெப்பக் கடல்ல பெரிய அளவுல சோதிச்சு, அங்க இருந்த அடிமீன்கள்ல ஒண்ணும் பெரிய மாற்றம் இல்லன்னு எழுதுச்சு, அந்தத் திட்டத்துக்குக் காசு குடுத்தது சான்டோஸ்ங்குற எண்ணெய்க் கம்பெனி. காசைப் பார்த்துட்டு கடைசியைத் தூக்கிப் போட்டுறாதீங்க, வேலை ஒழுங்கா நடந்த வேலை. நம்ம மீனு காட் கிடையாது, வெப்பக் கடல் மீனுதான், அந்த வகையில அது நமக்குக் கிட்டத்துல வருது. ஆனா வாட்ஜ் பேங்க்ல, நம்ம மீனுக்கு, நம்ம ஆளு பண்ண சோதனைன்னு ஒண்ணை எதிர்த்தரப்பு காட்டுதான்னு கேட்டுப் பாருங்க.

நம்ம கடலுக்கே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லணும். கன்னியாகுமரி முனையில நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வருஷம் பூரா ஒரே பக்கம் ஓடாது. தென்மேற்குப் பருவத்துல அரபிக்கடல்ல இருந்து முனையையும் இலங்கையையும் சுத்திக் கிழக்கால ஓடும், வடகிழக்குப் பருவத்துல அப்படியே திரும்பி மேற்கால ஓடும். அதாவது ஜூலையில கசிஞ்சா ஒரு ஊருக்குப் பாதிப்பு, டிசம்பர்ல கசிஞ்சா வேற ஊருக்கு. தென்மேற்குப் பருவத்துலதான் அடித்தண்ணி மேல கிளம்பி சத்து கொண்டு வரும், மீனுக்குத் தீனி பெருகும். ஆனா அந்த மாசங்கள்லதான் கடல் மோசம், போட்டு கிளப்ப முடியாது, அதனால மண்ணு எடுக்குறது எல்லாம் பிப்ரவரி மார்ச்சுல அமைதியா இருக்குறப்ப முடிச்சுட்டு ஒரு சீசன் டேட்டான்னு கட்டி அனுப்பிருவாய்ங்க. ரிப்போர்ட்டுல சாம்பிள் எடுத்த தேதியைப் பாருங்க தம்பி, மொத வேலை அது. தேதி ஒரே மாசத்துக்குள்ள முடிஞ்சிருந்தா, வருஷத்துல பாதி அவங்க கண்ணுக்குப் படவே இல்லன்னு அர்த்தம்.

நீண்ட காலக் கணக்கு நம்மகிட்ட இல்லவே இல்லையான்னா, இருக்கு, ஆனா துண்டு துண்டா. வெள்ளக்காரன் காலத்துல முத்துச்சிப்பி வருமானம் படுத்துப் போச்சுன்னு இலங்கை அரசு ஹெர்ட்மன்ங்குற விஞ்ஞானியைக் கூப்பிட்டுச்சு, அவரு 1902ல வந்து மன்னார் வளைகுடாப் பார்களை, அதாவது முத்துச்சிப்பி வளர்ற கடலடித் திட்டுகளை, அலசி, அங்க என்னென்ன உயிரு இருக்குன்னு அஞ்சு தொகுதி எழுதிட்டாரு. வரிக்காகப் போட்ட காசுதான், ஆனா இன்னைக்கும் அந்தப் பட்டியல் உதவுது. அதுக்கப்புறம் 1947ல வந்த சிஎம்எஃப்ஆர்ஐ, அதாவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1971 வரைக்கும் தலைமையகமே மண்டபம் கேம்ப்புலதான் இருந்துச்சு, மீன் பிடிப்புக் கணக்கு அங்க அடுக்கு அடுக்கா இருக்கு. இதெல்லாம் கரையோரம். 1,500 மீட்டருக்குக் கீழ உள்ள மண்ணுக்கு இந்த மாதிரி அடுக்கு கிடையாது, அங்க அங்க கப்பல் போன நேரத்துல அள்ளுனது மட்டும்தான்.

இதுக்குக் காரணம் ஆளுக கெட்டவங்கங்குறது இல்ல, காசு வர்ற விதம். எல்லாமே ப்ராஜெக்ட்டு, மூணு வருஷம், ஜேஆர்எஃப்ங்குற உதவித்தொகையில ஆராய்ச்சிப் பையன் சேருவான், புழு பேரு கத்துக்கவே ஒண்ணரை வருஷம் ஆகும், கத்து முடிக்குறப்ப ப்ராஜெக்ட்டு முடிஞ்சிரும், அவன் கோச்சிங் சென்டருக்கோ பேங்க் பரீட்சைக்கோ போயிருவான். நான் இருந்த ஒரு இடத்துல, பேரு வேண்டாம், முடிஞ்ச ப்ராஜெக்ட்டோட சாம்பிள் டப்பாக மாடிப்படிக்குக் கீழ கிடந்து ஃபார்மலின் காஞ்சு, உள்ள புழு எல்லாம் வத்தல் ஆயிப் போச்சு, லேபிள்ல பென்சில்ல எழுதுன ஸ்டேஷன் நம்பர் மட்டும் அழியாம இருந்துச்சு. அந்த இடத்துக்கு இப்ப யாராவது முன்கணக்கு கேட்டா, போன அந்த டப்பாகதான் அது. 2021ல ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ஒதுக்குனப்ப, மனுசன் போற நீர்மூழ்கிதான் செய்தியில வந்துச்சு, டப்பாவுக்கு அலமாரி வாங்குறது செய்தி ஆகாது. கச்சா எண்ணெய் மேல 1974 சட்டப்படி செஸ் போடுறாங்க, இப்ப 20 சதவீதம், அது எண்ணெய்த் தொழில் வளர்ச்சிக்குன்னு எழுதுன சட்டம். அதுல ஒரு சின்னத் துண்டை எடுத்து, ப்ளாக் ஏலம் விடுறதுக்கு முன்னாடியே மூணு வருஷம் எல்லாப் பருவத்துலயும் மண்ணு அள்ள ஒதுக்குனா, வேலையைப் புவி அறிவியல் அமைச்சகம் பார்த்தா, பாதிச் சண்டை கோர்ட்டுக்கே வராது. இது என் அபிப்ராயம், ஒத்துக்காதவங்க இருப்பாங்க.

உங்க வேலைக்கு வர்றேன். சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் தளத்துல அனுமதி விண்ணப்பம், நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பு, நிபந்தனை எல்லாம் இருக்கும், அனுமதிக் கடிதத்துல கண்காணிப்பு நிபந்தனை என்னன்னு பாருங்க, அரை வருஷத்துக்கு ஒருக்கா தாக்கல் பண்ண வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை வந்திருக்கான்னு பாருங்க. முக்காவாசி நேரம் அதுல "நிறைவேற்றப்பட்டது"ன்னு ஒரு வரிதான் இருக்கும். அப்ப தகவல் உரிமையில கேளுங்க, ஆனா "ரிப்போர்ட் நகல் வேணும்"னு கேட்டா அதே வழவழப்பான புத்தகம்தான் வரும். ஸ்டேஷனோட அட்சரேகை தீர்க்கரேகை, எடுத்த தேதி, கழிச்ச கிராப் எத்தனை, சல்லடை அளவு, இன வாரியா எண்ணுன மூல அட்டவணை, பேரியம், பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவு, ஒப்பீட்டுக்குத் தள்ளி எடுத்த ஸ்டேஷன் எதுன்னு தனித்தனியாக் கேளுங்க. தள்ளி எடுத்த ஸ்டேஷன் நீவாட்டுக்குக் கீழ்ப்பக்கம் இருந்தா அது ஒப்பீடே ஆகாது, அதையும் மேப்புல வச்சுப் பார்த்துக்கங்க. இன்காய்ஸ் கிட்ட டேட்டா குடுத்தாங்களா, கொச்சி சிஎம்எல்ஆர்இ நடத்துற இண்டோபிஸ்ங்குற கடல் உயிரினப் பதிவேட்டுல அந்த இனங்கள் பதிவாயிருக்கான்னும் ஒரு கேள்வி சேர்த்துருங்க.

மூல அட்டவணை கையில கிடைச்சா, அதைப் படிச்சுச் சொல்ல வக்கீல் தேவையில்ல, புழு தெரிஞ்ச ஒருத்தர் வேணும். புதுமடம், மண்டபம், தூத்துக்குடி, பரங்கிப்பேட்டைன்னு நாலு பக்கமும் ஆளு இருக்காங்க, ரிட்டயர்டு ஆனவங்களா பார்த்துப் புடிங்க, அவங்கதான் வாயைத் தொறப்பாங்க.